புடவை சுற்றிய சேசிஸ்

ரகு மாமாவிடம் வண்டி கொடுத்த யாரும் கொடுத்த வண்டியைத் திரும்ப வாங்கியதில்லை. அவரைத் திருடன் என்று சொல்ல வரவில்லை. கொடுத்ததைவிட நல்ல வண்டியாகத்தான் திரும்பி வரும். ஆனால் அது வேறு வண்டியாக இருக்கும். இதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியாது என்பதுதான் இந்தக் கதை.

மாமா என்றால் என் அக்கா வேதநாயகியின் கணவர். ஊர் குடியாத்தம். பத்தொன்பது வயதில் பெங்களூருக்கு வந்து ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தார். இப்போது ஐம்பத்திரண்டு வயது. தொம்மலூரில், கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் பழைய ஊர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிற சந்து ஒன்றில் அவருடைய ஷெட் இருக்கிறது. இரண்டு வண்டி நிறுத்தினால் மூன்றாவது ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும். சுவர் முழுக்கக் கொக்கிகள், கொக்கிகளில் சக்கரங்கள், டேங்குகள், எலும்புக்கூடு மாதிரி சேசிஸ்கள்.

அந்தக் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்க்கிற பிள்ளைகள் மதிய இடைவேளையில் கைப்பேசியில் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு வருவார்கள். "அண்ணா, இந்த மாதிரி வேணும்." மாமா படத்தைப் பார்ப்பார். சுவரைப் பார்ப்பார். யெஸ்டி பைக்கின் சேசிஸ் ஒன்று, வேறு ஏதோ வண்டியின் முன்சக்கர ஃபோர்க், புல்லட் டேங்கை நடுவில் அறுத்து ஒடுக்கி ஒட்டியது, எதிலிருந்தோ கழற்றிய எஞ்சின். எல்லாம் சேர்ந்து ஒரு நாள் புகையைக் கக்கிக்கொண்டு எழுந்து நிற்கும். எப்போது என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் ஒரே பதில்தான்: "அடுத்த வாரம் ஆயிடும்."

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த "அடுத்த வாரம்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் வண்டியையும் அவர்தான் கட்டித் தந்தார், பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால். பதினோரு மாதம் இழுத்தடித்தார். மச்சான் என்கிற சலுகை எல்லாம் கிடையாது.

அவருடைய சொந்த வண்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தெருவில் அதற்குக் கிச்சடி என்று பெயர். சேசிஸ் யெஸ்டி. எஞ்சின், செத்துப்போன இரண்டு எஞ்சின்களின் நல்ல பாதிகள். சீட்டுக்கு ஆட்டோ ரெக்சின். டேங்க் எந்தக் கம்பெனியுடையது என்று கேட்டால் சிரிப்பார். ஹாரனுக்கு இடம் கிடைக்காமல், எஞ்சினுக்கு முன்னால் வலது பக்கம் முழங்காலுக்குக் கீழே மாட்டியிருந்தார். அது அடித்தால் தெருநாய்கள் மட்டும்தான் திரும்பிப் பார்க்கும். அந்த வண்டியின் காகிதங்களைப் பற்றி இங்கே பேச வேண்டாம். பதினைந்து வருடமாக அக்கா அதன் பின்சீட்டில், புடவை கட்டியிருந்ததால் இடது பக்கம் பார்த்து உட்கார்ந்துகொண்டு, போகிற இடத்துக்கெல்லாம் போனாள். அவள் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட் ஆடும். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் சொல்வாள்: "ஏங்க, இந்த ஃபுட்ரெஸ்ட்ட கொஞ்சம் முறுக்கி வுடக் கூடாதா?"

"அடுத்த வாரம் ஆயிடும் நாயகி."

ஊருக்கெல்லாம் வண்டி கட்டுகிறவருக்கு ஒரு போல்ட்டை முறுக்க நேரமில்லை.

போன ஆனி மாதம் ஒரு சாயங்காலம் அக்கா சாப்பாட்டு மேசைமேல் ஒரு அட்டையை வைத்தாள். நானும் அங்கேதான் இருந்தேன். ஓட்டுநர் உரிமம். அவள் படம், அவள் பெயர், கியர் வண்டி ஓட்டலாம் என்கிற முத்திரை. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டு மாதமாகக் காலையில் வாக்கிங் போகிறேன் என்று போனவள் டிரைவிங் ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள்.

அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. தையல் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். கம்பெனியைச் சந்தாபுராவுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பஸ் மாறி, ஓசூர் ரோட்டில் நின்று நின்று போய்க்கொண்டிருந்தாள்.

"ஸ்கூட்டி ஒண்ணு பாத்துடலாம் நாயகி. நல்லதா, புதுசா" என்றார் மாமா. பாவம், உண்மையான சந்தோஷத்தில்தான் சொன்னார்.

"ஸ்கூட்டி எதுக்கு? எனக்குத்தான் ஒரு வண்டி இருக்குதே" என்றாள் அக்கா.

மாமாவின் கையில் இருந்த சப்பாத்தி அப்படியே நின்றுவிட்டது.

இருந்தது. எங்கள் அப்பாவின் யெஸ்டி. அப்பா சந்தாபுரா பக்கம் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிற டர்னராக இருந்தார். பழைய யெஸ்டி ஒன்றை வாங்கித் தன் பிள்ளையைவிட ஒழுங்காகப் பார்த்துக்கொண்டார். பிள்ளை நான்தான், அதனால் தெரிந்தே சொல்கிறேன். அக்கா கல்யாணத்தின்போது அதை அவள் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். "ரகு ஓட்டட்டும், பேரு உம்பேர்ல இருக்கட்டும்" என்றார். அக்காவை ஓட்டச் சொல்ல அவருக்கும் தோன்றவில்லை, வேறு யாருக்கும் தோன்றவில்லை. ஆர்.சி. புத்தகத்தில் மட்டும் வேதநாயகி என்று இருந்தது. அந்தப் புத்தகம் அவளுடைய பீரோவில், பட்டுப் புடவைக்கு அடியில், இருபது வருடமாக இருந்தது. வண்டி ஷெட்டில் எங்கேயோ மூடி நிற்கிறது என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"ரெண்டு வாரம் டைம் எடுத்துக்கோங்க. ஞாயித்துக்கெழமை நான் ஷெட்டுக்கு வரேன். அப்பா வண்டிய எடுத்து வெளிய நிறுத்துங்க" என்றாள்.

"ஆகட்டும்" என்றார் மாமா. அடுத்த வாரம் என்று அவர் சொல்லாதது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மதியம் என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். டீயைக் குடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாலு, உங்கப்பா வண்டி இல்லடா."

"இல்லன்னா? வித்துட்டீங்களா?"

"சே, விப்பனா? இருக்குது. ஆனா ஒரே எடத்துல இல்ல."

விஷயம் இதுதான். கல்யாணமான புதிதில் ஒரு வாடிக்கையாளருக்குக் கார்பரேட்டர் கிடைக்கவில்லை. அவசரம். வீட்டில் நின்ற வண்டியிலிருந்து கழற்றிப் போட்டார், வேறு கிடைத்ததும் திருப்பி மாட்டிவிடலாம் என்று. அப்புறம் ஹெட்லைட். அப்புறம் ஃபோர்க். யாருக்கு எது கிடைக்காவிட்டாலும் கை நீள்கிற தூரத்தில் ஒரு நல்ல யெஸ்டி நின்றது. ஒரு நாள் பார்த்தால் நிற்பதற்கு அதில் ஒன்றும் மிச்சமில்லை.

"சேசிஸ் மட்டும் பத்திரமா இருக்குது. அத நான் யாருக்கும் தரல. வந்து பாரு" என்றார்.

போய்ப் பார்த்தேன். ஷெட்டின் பின்சுவரில், மேலே, கடைசிக் கொக்கியில் எதையோ துணி சுற்றித் தொங்கவிட்டிருந்தது எனக்கும் பல வருடமாகத் தெரியும். என்னவென்று கேட்டதில்லை. ஏணி போட்டு இறக்கினார். அக்காவின் பழைய நைலக்ஸ் புடவை. அதைப் பிரித்தால் கறுப்புப் பெயின்டில் பளபளவென்று ஒரு சேசிஸ். பதினைந்து வருடத்தில் எத்தனையோ பேர் கேட்டும் தரவில்லையாம். வருடத்துக்கு ஒரு முறை ஆயுத பூஜைக்கு இறக்கித் துடைத்துப் பொட்டு வைத்துத் திரும்ப மாட்டிவிடுவாராம். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அந்த நேரத்தில் கொஞ்சம் இறங்கியது உண்மை.

"மீதி எல்லாம் எங்க இருக்குதுன்னு தெரியுமா?"

"வெட்டு இருக்குதே. கண்டுபுடிச்சிடலாம்."

வெட்டு என்பது அவருடைய முறை. ஒரு வண்டியைப் பிரித்தால் அதன் ஒவ்வொரு பாகத்திலும், வெளியே தெரியாத இடத்தில், அரத்தால் ராவி அடையாளம் வைப்பார். பெயின்டால் எழுதினால் மண்ணெண்ணெயில் கழுவும்போது போய்விடும். சீட்டு கட்டினால் எண்ணெயில் ஊறிவிடும். அர வெட்டு போகாது. முதல் வண்டிக்கு ஒரு வெட்டு, இரண்டாவதுக்கு இரண்டு, இப்படி. அப்பாவின் வண்டிக்கு ஒற்றை வெட்டு, ஏனென்றால் அவர் சொந்தமாகப் பிரித்த முதல் வண்டி அதுதான். ஒற்றை வெட்டு எங்கே இருக்கிறதோ அது எங்கள் அப்பாவுடையது. கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது, பாருங்கள்.

இரண்டு வாரம் அவர் ஓய்ந்து உட்காரவில்லை. ஆஷ்லி என்ற வாடிக்கையாளரிடம் போய், சர்வீஸ் என்று பொய் சொல்லி வண்டியை வாங்கி, டேங்கையும் ஃபோர்க்கையும் மாற்றிக்கொண்டு வந்தார். இன்னொருவரிடமிருந்து ஹெட்லைட். எல்லோரும் சந்தோஷமாகக் கொடுத்தார்கள், திரும்பப் பெற்றதும் நல்ல சாமான்தான். எஞ்சின் மட்டும் பாக்கி. அது யாரிடம் என்று கேட்டால் பேச்சை மாற்றினார். வியாழக்கிழமை என் வீட்டுக்கு வந்து, என் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எஞ்சினின் அடிப்பக்கம் விரலை விட்டுத் தடவினார்.

"பாலு, கோச்சிக்காத."

"சும்மா கெடந்த எஞ்சின்னு சொன்னீங்களே மாமா!"

"சும்மாதான் கெடந்துச்சு. உங்கப்பாவுதுன்னு சொன்னா நீ அக்காகிட்ட போய் சொல்லிடுவியேன்னு..."

கத்தினேன். பக்கத்து வீட்டு ஸ்னேஹா எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன். பன்னிரண்டு வருடமாக அப்பாவின் எஞ்சினை ஓட்டிக்கொண்டிருக்கிறேன், அப்பா செத்தபோது சுடுகாட்டுக்குக்கூட அதில்தான் போனேன், அது எனக்குத் தெரியாது. அப்பாவை எரித்துவிட்டு வரும்போது அந்தச் சத்தம் காதில் இருந்தது, அப்போதுகூட எனக்குத் தெரியவில்லை. மாமா ஸ்பேனரை எடுத்தார். நான் விளக்கைப் பிடித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி ஷெட்டுக்கு வெளியே நின்றது. கருஞ்சிவப்பு டேங்க், இரட்டை சைலன்சர். அப்பாவே இறங்கி வந்து சாவி கேட்பார் போல இருந்தது. மாமா புதுச் சட்டை போட்டிருந்தார். அக்கா சுடிதாரில் வந்தாள், கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஆர்.சி. புத்தகம், ஒரு வெள்ளைத் தாள், ஒரு பென்சில்.

வண்டியைச் சுற்றி வந்தாள். எஞ்சினுக்கு முன்னால் இறங்குகிற சேசிஸ் குழாயில், வலது பக்கம், கையை வைத்து மேலும் கீழும் தடவினாள்.

"இங்க ஒரு கம்பி இருக்குமே?"

மாமாவுக்கு அது என்னவென்று தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். "தேய்ச்சு எடுத்துட்டிருப்பேன், பெயின்டுக்கு" என்றார். பழக்க தோஷம்.

அக்கா தாளை எடுத்தாள். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: பழைய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்க சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்துக் கொடுக்க வேண்டும். ஹேண்டிலுக்குக் கீழே கழுத்தில் பெயின்டை மாமா சுரண்டினார். அக்கா தாளை வைத்துத் தேய்த்தாள். எண்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாக எழும்பி வந்தன. ஆர்.சி. புத்தகத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தாள்.

புத்தகத்தில் கடைசி நான்கு எண்கள் 4417. தாளில் 9062.

"நீ சரியா தேய்க்கல" என்றார் மாமா. தாளைத் திருப்பி வைத்துத் தேய்த்தார்கள். 9062. எஞ்சின் நம்பரைப் பார்த்தோம். அது சரியாக இருந்தது.

"எஞ்சின் அப்பாவுது. சேசிஸ் யாருது?" என்று கேட்டாள் அக்கா.

மாமா வண்டிக்குக் கீழே படுத்து, டார்ச் அடித்து, வெட்டைப் பார்த்தார். ஒற்றை வெட்டு. விரலால் தடவிப் பார்த்தார். எழுந்து வந்து, கிடந்த டயர்மேல் உட்கார்ந்தார். அப்புறம் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"ஒம்போதுக்கு அப்பறம் திரும்ப ஒண்ணுல இருந்து ஆரம்பிச்சேன்டா பாலு."

பத்தாவது வண்டிக்குப் பத்து வெட்டு போட இடமில்லை. அதனால் மறுபடியும் ஒன்று. முதல் வண்டி வீட்டு வண்டிதானே, அது எங்கே போகப்போகிறது, எப்படிக் குழம்பும் என்று நினைத்திருக்கிறார். அப்புறம் ரோடு அகலப்படுத்துகிறார்கள் என்று பழைய ஷெட்டைக் காலி செய்து இங்கே வந்த வாரத்தில், ஒற்றை வெட்டுப் போட்ட இரண்டு சேசிஸும் ஒரே மாதிரி கறுப்புப் பெயின்டில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கியிருக்கின்றன. ஒன்றை இறக்கிப் புடவை சுற்றினார். பதினைந்து வருடம் பொட்டு வைத்தார். யாரோ ஒருவருடைய சேசிஸுக்கு.

எனக்குச் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை. "அக்கா, எஞ்சின்தானே முக்கியம்? அது அப்பாவுதுதான். டேங்க் அப்பாவுது. ஃபோர்க் அப்பாவுது" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சந்தேகம். டேங்கில் இருக்கும் ஒற்றை வெட்டு எந்த ஒற்றை வெட்டு?

"அப்பா என்னைய எஞ்சின் மேலயாடா ஒக்கார வெச்சாரு?" என்றாள். பிறகு மாமாவைப் பார்த்து, சத்தம் போடாமல் சொன்னாள்: "தொலைச்சிட்டேன்னு சொல்லுங்க. அது போதும். வேற எதையோ கொண்டாந்து நிறுத்தி, இதுதான் உங்கப்பா வண்டின்னு சொல்லாதீங்க. எனக்குன்னு அவரு குடுத்தது அது ஒண்ணுதான்."

மாமாவால் அதைச் சொல்ல முடியவில்லை. தொலைக்கவில்லை என்று அவர் உடம்பு முழுக்க நம்பியது. எங்கேயோ இருக்கிறது. எங்கே?

அடுத்த நாலு நாள் அவர் சோறு தின்றதாகவே தெரியவில்லை. கட்டின வண்டிகளை எல்லாம் ஞாபகத்தில் வரிசைப்படுத்தினார். பத்தாவது வண்டிக்காரருக்குத்தான் அப்பாவின் சேசிஸ் மாறிப் போயிருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. எனக்கு ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் போன் வரும். "பாலு, பத்தாவது வண்டி மல்லேஸ்வரம் ஐயருதா, இல்ல அந்த ஜீவன்பீமா நகர் டாக்டருதா?" எனக்கு எப்படித் தெரியும்? கடைசியில் மல்லேஸ்வரம் என்று முடிவு செய்தார். அது சீனிவாசராகவன் சாருடைய யெஸ்டி. அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், எட்டாவது கிராஸ் பக்கம் வீடு. அவர் ஐயங்கார் என்பதுகூட மாமாவுக்கு இன்னும் பிடிபடவில்லை.

சனிக்கிழமை மதியம் போனோம். மாமாவும் அக்காவும் கிச்சடியில். என் வண்டியில் எஞ்சின் இல்லாததால் நான் இந்திராநகர் வரை நடந்து, மெட்ரோ பிடித்து, மெஜஸ்டிக்கில் மாறிப் போய்ச் சேர்ந்தேன். வியர்த்து ஊற்றியது. அப்போது மாமா என் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

சீனிவாசராகவன் சார் காபி கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் டம்ளர் டபராவோடு எழுந்துவிட்டார்.

"இருங்கோ. அப்போ என் வண்டி என்னோடதுதானா?"

"உங்களுதுதான் சார். சும்மா ஒரு நம்பர் பாக்கணும்."

"என்னோடதுன்னா எதுக்கு நம்பர் பாக்கணும்?"

சார் உள்ளே போய்த் தன் ஆர்.சி.யைத் தேடிக்கொண்டு வந்தார். போர்ட்டிகோவில் வண்டி. மாமா குனிந்து தடவினார். முகம் விழுந்துவிட்டது. இரண்டு வெட்டு. நம்பரும் பார்த்தோம், 4417 இல்லை. சாருடைய புத்தகத்தில் இருந்த சேசிஸ் நம்பரோடு ஒத்துப்போனது. எஞ்சின் நம்பரையும் பார்க்கலாமே என்று அவர் கண்ணாடியைத் தேடினார். மாமா என்னைப் பார்த்த பார்வையில், "போதும் சார், எல்லாம் கரெக்டா இருக்குது" என்று நான் சொல்லிவிட்டேன். அன்றைய பாவத்தில் எனக்கும் ஒரு பங்கு.

வாசலுக்கு வந்தோம். "போதுங்க. வுட்டுடுங்க. நான் பஸ்லயே போய்க்கறேன்" என்றாள் அக்கா. கோபத்தில் சொல்லியிருந்தால்கூட மாமா தாங்கியிருப்பார். சாதாரணமாகச் சொன்னாள். மாமா தலையைக் குனிந்துகொண்டு கிச்சடிமேல் ஏறி உதைத்தார். எஞ்சின் எடுத்தது. ஹாரன் கீழே விழுந்தது.

வரும் வழியில் வேகத்தடையில் நட்டு கழன்றிருக்கிறது. ஹாரன் ஒயரில் தொங்கி ரோட்டைத் தட்டியது. மாமா வண்டியை அணைத்து ஸ்டாண்டு போட்டுவிட்டு, ரோட்டோரமாக உட்கார்ந்து ஒயரைப் பிடுங்கினார். அக்கா கைப்பையைப் பிடித்துக்கொண்டு, நிழலுக்காக வண்டியின் வலது பக்கம் வந்து நின்றாள். பதினைந்து வருடத்தில் அந்தப் பக்கம் நிற்க அவளுக்கு வேலையே வந்ததில்லை.

"அது என்னாங்க?"

"எது? இதுவா?" ஹாரன் மாட்டியிருந்த இடத்தைப் பார்த்தார். சேசிஸின் முன்குழாயிலிருந்து இரண்டு விரல் நீளத்துக்கு ஒரு தடிக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. நுனி மேல்நோக்கி வளைந்திருந்தது. "பழைய சேசிஸ்ல இப்படித்தான், எதுனா ஒட்டியிருப்பானுங்க. எவனோ பால்காரன், கேன் மாட்ட வெல்டு வெச்சிருக்கான். ஹாரனுக்குத் தோதா இருக்குதேன்னு நான் அறுக்கல."

"பால்காரன் இல்ல" என்றாள் அக்கா. "எங்கப்பா."

நடு ரோடு என்றுகூடப் பார்க்காமல் குந்தி உட்கார்ந்தாள். அந்தக் கம்பியைப் பிடித்தாள். சுடிதார் காலைக் கொஞ்சம் தூக்கி வலது கணுக்காலைக் காட்டினாள். அங்கே ஒரு பழைய சூட்டுத் தழும்பு. ஐந்து வயதில் அப்பாவுக்கு முன்னால் டேங்க்மேல் உட்கார்ந்து போகும்போது சைலன்சர் குழாயில் கால் பட்டுவிட்டது. மறுநாள் அப்பா வண்டியைத் தொழிற்சாலைக்கே ஓட்டிப்போய், மதிய இடைவேளையில், அவள் வலது கால் வைக்க ஒரு கம்பியைப் பற்றவைத்துக்கொண்டு வந்தார். சுட்டது வலது கால் என்பதால் வலது பக்கம் மட்டும். கால் வழுக்காமல் இருக்க நுனியை வளைத்து சைக்கிள் டியூப் சுற்றிவிட்டார். இதெல்லாம் நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது, எனக்குத் தெரியாது. மாமாவிடம் அவள் சொன்னதேயில்லை. யாரும் கேட்கவில்லை.

கைப்பையில் பென்சில் இருந்தது. தாள் இல்லை. சீனிவாசராகவன் சார் உள்ளே ஓடிப்போய், வந்த கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்தார். மாமா கையில் ஹாரனோடு நின்றதால் நான்தான் பெயின்டைச் சுரண்டினேன். அக்கா தேய்த்தாள். முதலில் ஒரு 4 வந்தது. இன்னொரு 4. ஒன்று. பிறகு ஏழு.

புடவை சுற்றாமல் விட்ட அந்த இன்னொரு சேசிஸில்தான் மாமா கிச்சடியைக் கட்டியிருக்கிறார். சார், "அப்போ எல்லாம் சரியாப் போச்சா?" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது? அப்பாவின் எஞ்சின் தொம்மலூரில் யாருடையதோ சேசிஸில் நிற்கிறது. அப்பாவின் சேசிஸ், இரண்டு செத்த எஞ்சின்களைச் சுமந்துகொண்டு மல்லேஸ்வரத்தில் நிற்கிறது. டேங்க் யாருடையது என்று கடவுளுக்கே தெரியாது. என் வண்டி எங்கேயும் இல்லை. இதில் எதை வண்டி என்று சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான்.

அக்காவுக்குக் குழப்பம் இல்லை. எழுந்து நின்றாள். கண் நிறைந்திருந்தது. ஆனால் குரல் வேறாக இருந்தது.

"பதினஞ்சு வருஷமா என் வண்டியில என்னையே பின்னாடி ஒக்கார வெச்சிருக்கியா நீ?"

அக்கா மாமாவை நீ என்று சொல்லி நான் கேட்டதில்லை. மாமாவும் கேட்டதில்லை என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நாயகி, வீட்டுக்குப் போயி எல்லாத்தயும் கழட்டி, உங்கப்பா எஞ்சினையே இதுல ஏத்தி, அடுத்த..."

"எதையும் கழட்டக் கூடாது. தள்ளிப் போ."

மாமா நகர்ந்தார். அவள் ஏறி உட்கார்ந்தாள். யெஸ்டியில் கியர் லீவரைத்தான் மேலே மடக்கி கிக்கராக உதைக்க வேண்டும், புதிதாக ஏறுகிறவர்களுக்கு அது பிடிபட ஒரு வாரம் ஆகும். மாமா அதைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் லீவரை அழுத்தி மடக்கி உதைத்துவிட்டாள். ஐந்து வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கால். மூன்றாவது உதையில் எடுத்தது.

மாமா ரோட்டில் நின்றார். என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும், மெட்ரோவுக்குத்தான் போக வேண்டும். கடைசியில் பின்சீட்டில் ஏறினார். இருநூறு வண்டிக்கு மேல் கட்டியவர். அதில் ஒன்றின் பின்சீட்டிலாவது உட்கார்ந்து பார்த்திருப்பாரா என்றால், இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் தோள்வரை கொண்டுபோய், ரோட்டில் ஆள் இருப்பதைப் பார்த்து, சீட்டைப் பிடித்துக்கொண்டார். விழுந்த ஹாரன் அவர் மடியில் இருந்தது. காலைத் தூக்கி ஃபுட்ரெஸ்ட்டில் வைத்தார். அது கீழே இறங்கியது. திரும்ப வைத்தார். திரும்ப இறங்கியது. குனிந்து பார்த்தார்.

"நாயகி, இந்த ஃபுட்ரெஸ்ட் ஆடுதே."

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கியரைப் போட்டாள்.

"அடுத்த வாரம் ஆயிடும்" என்றாள்.